சின்சேயிடம் (சீன மருத்துவரிடம்) முட்டி வலிக்கு அக்குபஞ்சர்: முதல் தடவை போகிறவர் என்ன எதிர்பார்க்கலாம்?

லயத்துவீட்டுப்பெண் | திங்கள், இரவு 9:12

வணக்கம். மலேசியா, பேராக், சுங்கை சிப்புட். போகப்போறது அம்மா. விவரம்: 62 வயது, முப்பது வருஷம் ரப்பர்ப் பால் மரம் வெட்டினவங்க. ரெண்டு முட்டியிலும் தேய்மானம்னு எக்ஸ்ரே சொல்லுது. இனிப்புநீர் (சர்க்கரை நோய்), ரத்தக் கொதிப்பு ரெண்டுக்கும் கிளினிக்கில் மாத்திரை. வியாழக்கிழமை பட்டணத்துல ஒரு சின்சேகிட்ட நேரம் எடுத்திருக்கு.

எத்தனை ஊசி குத்துவாங்க? எவ்வளவு நேரம் படுக்கணும்? வலிக்குமா? வெறும் வயித்துல போகணுமா? எத்தனை தடவை போனா பலன் தெரியும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஊசிமுனை | திங்கள், இரவு 10:05

முதல் நாள் ஊசியைவிடப் பேச்சுத்தான் அதிகம். ஒரு மணி நேரம் ஒதுக்கிவையுங்கள். வலி படி ஏறும்போதா இறங்கும்போதா, காலையில் எழுந்ததும் முட்டி எத்தனை நிமிடம் பிடித்துக்கொள்கிறது, தூக்கம், மலம், வியர்வை எல்லாம் கேட்பார்கள். நாக்கை நீட்டச் சொல்வார்கள். அன்றைக்குக் காலையில் கோப்பி ஓவும் (பால் இல்லாத காப்பி) வெற்றிலையும் வேண்டாம், நாக்கைச் சுரண்டவும் வேண்டாம். கறை படிந்த நாக்கில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. பிறகு நாடி. மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பார்கள். சுன், குவான், சி என்று அந்த மூன்று இடத்துக்கும் பெயர். நம் சித்த வைத்தியர் வாதம், பித்தம், கபம் பார்ப்பதும் மூன்று விரலில்தான், ஆனால் கணக்கு வேறு. நம்மவர்கள் ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்பார்கள். சீன முறையில் இரண்டு கையும் பார்க்க வேண்டும்.

முட்டிக்கு ஒரு காலில் நாலு முதல் ஆறு ஊசி போதும். முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி விழும், அதை ‘முட்டிக் கண்’ என்பார்கள், அங்கே இரண்டு. வெளிக்கண்ணுக்குக் கீழே நோயாளியின் கையாலேயே நாலு விரல் அளந்து, முன் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளினால் ஜூசான்லி. அது கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். தொடையின் உள்பக்கம், சில்லுக்கு மேலே இரண்டு கட்டைவிரல் அளவில் இன்னொன்று. இந்த அளவுக்கு ‘சுன்’ என்றே பெயர். நோயாளியின் கட்டைவிரல் அகலம் ஒரு சுன், நாலு விரல் சேர்த்தால் மூன்று. அதனால்தான் உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் புள்ளி மாறாது. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அளவுநூலில் 361 புள்ளிகளின் இடம் இப்படித்தான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. முட்டிக் கண் ஊசி மூட்டை ஒட்டியே போகிறது, ஆகவே குத்துமுன் அந்த இடத்தை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, ஈரம் காயவிட வேண்டும். துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவிப் பார்ப்பவர் துடைக்காதவருக்குச் சமம்.

ஊசி: முட்டிக்கு 0.25 மில்லிமீட்டர் தடிப்பு, 40 மில்லிமீட்டர் நீளம் வழக்கம். உள்ளே துளை கிடையாது, மருந்தும் கிடையாது. சின்னப் பிளாஸ்டிக் குழாயைத் தோலில் வைத்து, ஊசியின் தலையை ஒரு தட்டுத் தட்டுவார்கள். தோலைத் தாண்டும்போது எறும்பு கடித்த மாதிரி. அதற்குப் பிறகு மெதுவாக உள்ளே செலுத்தித் திருகும்போது வருவதுதான் வேறு: கனம், உப்பல், மதமதப்பு, கால் முழுக்க ஓடும் ஒரு வித அசதி. ‘டெச்சி’ என்பார்கள். சின்சே அதைத்தான் தேடுகிறார். பிறகு 20 முதல் 30 நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும்.

மிஸ்ஸி_22 | திங்கள், இரவு 10:31

தடிப்புக்கு ஒரு கணக்கு: ரத்தம் எடுக்கிற 21 கேஜ் ஊசி 0.8 மில்லிமீட்டர். இன்சுலின் பேனா ஊசி 31 கேஜ், அது கிட்டத்தட்ட 0.25. வீட்டில் யாராவது இன்சுலின் போடறவங்க இருந்தா அந்த ஊசியைக் காட்டுங்க, பயம் பாதி போயிடும்.

வெறும் வயித்துல போகவே கூடாது. ஒன்றிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி சாதாரணமா சாப்பிட்டிருக்கணும். வயிறு முட்டவும் வேண்டாம், குப்புறப் படுக்கச் சொன்னா கஷ்டம். மாத்திரைப் பெயரைப் பாருங்க அக்கா. மெட்ஃபோர்மின் மட்டும்னா சர்க்கரை தாழ்றது அபூர்வம். கிளிக்ளாசைட் இருந்தா, இல்ல இன்சுலின் போட்டா, சாப்பிடாம போறது நிஜமாவே ஆபத்து. சர்க்கரை தாழ்ந்தாலும் வியர்க்கும், ஊசிக்குப் பயந்து மயங்கினாலும் வியர்க்கும். எது எதுன்னு சின்சேக்குத் தெரியாது. குளுக்கோமீட்டர் இருந்தா பைக்குள்ள போடுங்க. கிளினிக் புத்தகத்தையும் எடுத்துட்டுப் போங்க.

கோப்பி_ஓ | திங்கள், இரவு 10:48

தைப்பூசத்துக்குக் கல்லுமலையில அலகு குத்திக்கிட்டு ஏறுற சனம், முடி கணக்கா இருக்கிற ஊசிக்குப் பயப்படுது. 😄

பழைய_டிரசர் | செவ்வாய், காலை 6:50

தம்பி, சிரிக்க வேண்டியதில்லை. அலகு குத்துகிறவர் நின்றுகொண்டு, மேளச் சத்தத்தில், மனம் ஒன்றி இருக்கிறார். ஊசி குத்திக்கொள்ள வந்தவர் அமைதியான அறையில் குளிரூட்டியின் கீழே அடுத்தது எப்போது என்று எண்ணிக்கொண்டு கிடக்கிறார். மயக்கம் வருவது பெரும்பாலும் இரண்டாமவருக்குத்தான். விரதம் இருக்கிற நாளில் நேரமே எடுக்காதீர்கள்.

முதல் தடவை நாற்காலியில் உட்கார வைத்துக் குத்த விடாதீர்கள், படுக்கச் சொல்லிக் கேளுங்கள். மயக்கம் சொல்லிக்கொண்டுதான் வரும்: கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுதல், குமட்டல், உள்ளங்கை சில்லிட்டு வியர்த்தல், பேச்சு குறைதல். அந்தக் கொட்டாவியிலேயே கூப்பிட வேண்டும். எல்லா ஊசியையும் எடுத்து, தலையணையை உருவி, காலைத் தூக்கி வைத்தால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். முழு நினைவு வந்த பிறகு இனிப்பாக ஏதாவது குடிக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் மைலோ ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. மூச்சுக் குழாய்க்குள் போகும்.

சின்சேக்குத் தமிழ் வராது, அம்மாவுக்குச் சீனம் வராது. நாலு மலாய்ச் சொல் போதும். ‘லெங்கு’ என்றால் அசதி, கனம், அது சரி. ‘கெபாஸ்’ என்றால் மரத்தல். கொஞ்சம் இருந்தால் சரி. ‘பெடே’ என்றால் எரிச்சல். ஊசியைச் சற்று இழுக்க வேண்டும். ‘பெனிங்’ என்றால் தலைசுற்றல். உடனே ‘சாபுட்’, எடுத்துவிடு. மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரே கோடாக, சுருக்கென்று கால் விரல் வரை ஓடினால் நரம்பில் பட்டிருக்கிறது. அதைப் பொறுத்துக்கொள்வது வீரம் இல்லை. நம் பெண்கள் ‘பரவால்ல, பரவால்ல’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள், அதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

லயத்துவீட்டுப்பெண் | செவ்வாய், காலை 7:20

நன்றி ஐயா, மிஸ்ஸி அக்கா. மாத்திரையில கிளிக்ளாசைட்டும் இருக்கு, இப்பத்தான் பார்த்தேன். அங்க ஒரு விளக்கும் ஒயர் வெச்ச பெட்டியும் இருக்குன்னு சொன்னாங்க. அது என்ன?

ஊசிமுனை | செவ்வாய், காலை 8:02

பெட்டி மின்தூண்டலுக்கு. ஊசிக் காம்பில் சின்னக் கவ்விகளை மாட்டி, வினாடிக்கு 2 தடவையோ 100 தடவையோ துடிக்கும் மெல்லிய மின்னோட்டம் விடுவார்கள். சதை தானாகத் துள்ளுவதைப் பார்க்கலாம். துடிப்பு தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும், எடுக்குமுன் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். இதய பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இது கூடவே கூடாது. வலிப்பு நோய் இருந்தாலும் முன்பே சொல்லுங்கள். கவ்வி மாட்டும் பக்கத்துக் கொலுசு, வளையலைக் கழற்றிவிடுவது நல்லது.

விளக்கு வேறு விஷயம். டி.டி.பி. விளக்கு என்று வட்டத் தட்டோடு இருக்கும், சூடு கொடுக்கும். முட்டியிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சிலர் மோக்சாவும் வைப்பார்கள், நம் மாசிபத்திரி இனத்து இலையைக் காயவைத்து உருட்டிப் பற்றவைப்பது. இனிப்புநீர்க்காரருக்கு ஊசியைவிட இந்த இரண்டும்தான் பயம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. ‘சூடு தாங்குதா’ என்று அவரைக் கேட்டுப் பயனில்லை. உடன் போகிறவர் தன் கையை முட்டிக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்க்க வேண்டும். கால் மதமதப்பு ஏற்கனவே இருந்தால் விளக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லாமல் சிகிச்சை குறைந்துவிடாது.

மிஸ்ஸி_22 | செவ்வாய், காலை 8:15

இதை இன்னும் சத்தமா சொல்லணும். ஊசி குத்தின புள்ளி ஒரு நாள்ல மூடிடும். இனிப்புநீர்க்காரர் கால்ல சூட்டுக் கொப்புளம் ஆறுறதுக்கு வாரக்கணக்கு ஆகும், சில சமயம் ஆறாமலேயே புண்ணாகும். காதுல ஒட்டி அனுப்புற குட்டி ஊசியும் (பிளாஸ்டருக்குள்ள இருக்கும், நாலஞ்சு நாள் வெச்சிருப்பாங்க) சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவங்களுக்கு வேண்டாம். வெச்சே ஆகணும்னா ஊசி இல்லாத விதை ஒட்டினது கேளுங்க.

மருந்தில்லா_வாழ்வு | செவ்வாய், மதியம் 1:30

இத்தனை ஊசி எதற்கு? நாடி பார்க்கத் தெரிந்தவர் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் போதும், ஊசியே தேவையில்லை. உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும். மாத்திரைகள் கழிவைத் தேக்குகின்றன. அவற்றை நிறுத்தினால்தான் சிகிச்சை வேலை செய்யும். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கானோர் இப்படிக் குணமாகிறார்கள். காணொளிகள் நிறைய இருக்கின்றன.

பழைய_டிரசர் | செவ்வாய், மதியம் 2:10

விரல் வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. விரல் யாரையும் கொல்லாது. மாத்திரையை நிறுத்தச் சொல்கிற வாய்தான் கொல்லும். மெட்ஃபோர்மினை நிறுத்தினால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது, ‘பார்த்தீர்களா, நன்றாக இருக்கிறது’ என்பார்கள். சர்க்கரை ஓசையில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். தாகம், அடிக்கடி சிறுநீர், கண் மங்கல் என்று வெளியே தெரிவதற்குள் உள்ளே சேதம் தொடங்கியிருக்கும். ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் அதுகூடத் தெரியாது. பக்கவாதமே முதல் அறிகுறியாக வரலாம். சிறு வயதிலேயே இன்சுலினில் இருப்பவர் இன்சுலினை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் வாந்தி, வயிற்றுவலி, வேக மூச்சு என்று அவசரப் பிரிவுக்கு வர வேண்டியிருக்கும். ஊசி குத்துகிறவரோ விரல் வைக்கிறவரோ, மாத்திரையை நிறுத்து என்று சொன்னால் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசிமுனை | செவ்வாய், மதியம் 2:41

முறையாகப் படித்த சீன மருத்துவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவரைக்கூட நாங்கள் நிறுத்தச் சொல்வதில்லை. ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் கடைசி ஐ.என்.ஆர். அளவைக் கேட்போம், மெல்லிய ஊசி போடுவோம், ஆழம் குறைப்போம், எடுத்த பிறகு பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்துவோம். கப்பிங்கும் (கிண்ணம் வைத்துத் தோலை உறிஞ்சுவது) குருதி எடுப்பதும் அவர்களுக்குச் செய்வதில்லை.

கோப்பி_ஓ | செவ்வாய், மாலை 5:55

நானும் ஒரு கல் எறியறேன். 2007-இல் ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களை வைத்து ஒரு ஆய்வு. முறையான அக்குபஞ்சரில் 47.6 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம். புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமா குத்தினவங்களுக்கு 44.2. வழக்கமான மருந்து, உடற்பயிற்சி எடுத்தவங்களுக்கு 27.4. அதாவது ஊசி வேலை செய்யுது, ஆனா எங்க குத்தினாலும் கிட்டத்தட்ட அதே வேலை. அப்புறம் நாலு விரல், ஒரு விரல்னு எதுக்கு அளக்கணும்? மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபஞ்சர் கொடுக்க வேண்டாம்னு இங்கிலாந்தின் ‘நைஸ்’ மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2022-லயும் சொல்லியிருக்கு.

ஊசிமுனை | செவ்வாய், இரவு 8:20

எண்கள் சரி. அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியின் 2019 வழிகாட்டி முட்டித் தேய்மானத்துக்கு அக்குபஞ்சரை நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சிக்கு அதே வழிகாட்டி அழுத்தமான பரிந்துரை கொடுத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிலைமை புரியும்: ஊசி வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், தேய்ந்த குருத்தெலும்பு வளராது. ‘எலும்பு தேய்வை மாற்றிவிடுவேன்’ என்பவர் பொய் சொல்கிறார்.

புள்ளியை அளப்பது எதற்கு என்றால், சரியான இடம் மட்டும் அல்ல, பாதுகாப்பான இடமும் அதில்தான் இருக்கிறது. அளக்காமல் குத்துகிறவர் ரத்தக் குழாயிலும் குத்துவார்.

எத்தனை தடவை என்ற கேள்விக்கு: வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ, ஆறு தடவை. தொடங்குமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, நிறுத்தாமல் எத்தனை நிமிடம் நடக்கிறார், இரவில் வலியால் எத்தனை தடவை விழிக்கிறார். ஆறாவது தடவைக்குப் பிறகு அதே தாளை எடுத்துப் பாருங்கள். ஏழு ஐந்தாகியிருந்தால் தொடரலாம். ஏழு ஆறரை என்றால் நிறுத்துங்கள். ‘இன்னும் இருபது தடவை பேக்கேஜ், முன்பணம் கட்டினால் கழிவு’ என்பதற்குத் தலையாட்ட வேண்டாம். ஒரு தடவைக்கு எவ்வளவு, மின்தூண்டலும் கப்பிங்கும் அதிலேயே அடக்கமா என்பதைப் படுக்குமுன் கேளுங்கள், எழுந்த பிறகு அல்ல.

செம்பனை_கோல் | புதன், காலை 6:05

செம்பனைக் குலை அறுக்கிறவங்களுக்குக் கழுத்தும் தோளும்தான் போகும். நாள் பூரா அண்ணாந்து பார்த்து நீளக் கோலை இழுக்கிறோம். தோள்பட்டை மேல குத்தலாமா அண்ணே?

ஊசிமுனை | புதன், காலை 7:10

குத்தலாம், ஆனால் முட்டிக்கு உள்ள சுதந்திரம் அங்கே இல்லை. கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் சதையைக் கிள்ளினால் வலிக்குமே, அந்த இடத்துக்கு ஜியான்ஜிங் என்று பெயர். அதற்கு நேர் கீழே நுரையீரலின் நுனி. ஒல்லியானவருக்குத் தோலிலிருந்து அங்கே இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. 40 மில்லிமீட்டர் ஊசியை நேராக இறக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சதையை விரலால் தூக்கிப் பிடித்து, 25 மில்லிமீட்டர் ஊசியைச் சாய்வாகப் போட வேண்டும். மேல் முதுகிலும் அப்படியே.

பழைய_டிரசர் | புதன், காலை 7:32

நுரையீரலில் ஊசி பட்டால் அதன் அறிகுறி அப்போதே தெரியாது, அதுதான் சிக்கல். வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்தும், வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்கும். ‘ஊசி போட்ட வலி, போயிடும்’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய், தோளில் ஊசி போட்டேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். சொல்லாவிட்டால் வாயுப்பிடிப்பு என்று திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு. கையும் மரத்து, பிடி தளர்ந்து, சாமான் நழுவி விழுந்தால் கழுத்தெலும்பில் நரம்பு நசுங்கியிருக்கலாம். ஊசிக்கு முன்னால் டாக்டர்.

முட்டிக்கும் இதே மாதிரி ஒரு கோடு உண்டு. முட்டி சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அது தேய்மானம் அல்ல. ஊசி கூடாது, ஆஸ்பத்திரி. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் கட்டி இருக்கலாம், அங்கே ஊசியும் கூடாது, உருவி விடவும் கூடாது.

லயத்துவீட்டுப்பெண் | புதன், காலை 9:40

சின்சே சரியானவரான்னு எப்படிப் பார்க்கிறது?

மிஸ்ஸி_22 | புதன், மதியம் 12:20

சுவத்தைப் பாருங்க. 2016-ஆம் வருஷத்துப் பாரம்பரிய, துணைநிலை மருத்துவச் சட்டப்படி (சட்டம் 775) மன்றத்துல பதிவு செஞ்சவரா, சான்றுல பேர் அவருதா, தேதி நடப்புல இருக்கான்னு பாருங்க. சீன மருத்துவம் அந்தச் சட்டத்துக்குள்ள வருது. சான்று அப்பாவோடது, குத்துறது மகன்னா கேள்வி கேட்கணும்.

அடுத்தது கையைப் பாருங்க. ஊசிப் பொட்டலம் உங்க கண் முன்னால கிழிக்கணும். ஒரு தடவைதான் பயன்பாடு, காலாவதித் தேதி அச்சடிச்சிருக்கும். ஊசிக் கம்பியை விரலால தொடாம காம்பைத்தான் பிடிக்கணும். முடிஞ்சதும் ஊசி போற இடம் மஞ்சள் நிற முட்கழிவுப் பெட்டி, குப்பைக் கூடை இல்ல.

உள்ளூர்ல மனசுக்குச் சரிப்படலன்னா அரசாங்க ஆஸ்பத்திரி வழி ஒண்ணு இருக்கு. 2007-இல் பினாங்கு கெப்பாளா பத்தாஸ் ஆஸ்பத்திரியில் முதல்ல தொடங்கினாங்க, பிறகு வேற சில ஆஸ்பத்திரிகளிலும் வந்துச்சு. நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பிறகும் அங்க அக்குபஞ்சர் உண்டு, ஆனா டாக்டர் கடிதம் வேணும்.

கோப்பி_ஓ | புதன், மதியம் 12:44

சின்சே மருந்துத் தூள் கொடுத்தா? முட்டிக்குன்னு போனா கையில ஒரு பொட்டலம் இல்லாம திரும்பி வர்றவங்க யாரு?

மிஸ்ஸி_22 | புதன், மதியம் 1:05

வாங்கலாமா வேணாமாங்கறது லேபிளைப் பொறுத்தது. பதிவான பாரம்பரிய மருந்துல ‘எம்.ஏ.எல்.’ (MAL)னு தொடங்கி ‘டி’ (T) எழுத்துல முடியற எண் இருக்கும், ஹோலோகிராம் ஒட்டியிருக்கும். பேரே இல்லாத குப்பியில ‘மூட்டு வலி கேப்சூல்’ கொடுத்து, ரெண்டே நாள்ல வலி பஞ்சாப் பறந்துச்சுன்னா சந்தோஷப்படாதீங்க. அதுக்குள்ள டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கலாம். முகம் உருண்டையாகும், சர்க்கரை எகிறும், திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. ஏற்கனவே சாப்பிட்டுக்கிட்டு இருந்தா குப்பியோட கிளினிக்குக்குப் போங்க.

ஊசிமுனை | புதன், மாலை 6:30

நாளைக்கு என்பதால் சின்ன விஷயங்கள். முட்டிக்கு மேலே சுருட்டக்கூடிய தளர்ந்த கால்சட்டை, அல்லது ஒரு கைலி எடுத்துப் போகட்டும். படுக்குமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். பாதியில் எழ முடியாது. ஊசி இருக்கும்போது காலை மடக்கினால் ஊசி வளையும். வளைந்ததை நேராக இழுத்தால் வலிக்கும், அது போன வளைவிலேயே எடுக்க வேண்டும். சதை இறுகி ஊசியைக் கவ்விக்கொள்வதும் உண்டு. பலமாக இழுக்கக் கூடாது. சுற்றிலும் தடவிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் விட்டுவிடும். கூப்பிடு மணி கைக்கு எட்டுகிறதா என்று கேளுங்கள்.

குத்தும்போது உடன் இருப்பவர் ஊசியை எண்ண வேண்டும். பத்து போனால் பத்து வர வேண்டும். கூட்டம் உள்ள கடையில் ஓர் ஊசியை மறந்து அனுப்புவது நடக்கிற கதைதான், முடிக்குள்ளும் கணுக்கால் பக்கமும் அதிகம்.

எடுத்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தமோ நீலமோ தெரிந்தால் பயம் இல்லை, நீலம் ஒரு வாரத்தில் மஞ்சளாகி மறையும். கப்பிங் வைத்தால் அந்த வட்டங்கள் பத்து நாள் வரை இருக்கும். அன்று மாலை வலி சற்றுக் கூடலாம், உடம்பு அசந்துபோய் நல்ல தூக்கம் வரலாம். ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வலி கூடியே இருந்தால் அடுத்த தடவை ஊசியைக் குறைக்கச் சொல்லுங்கள். குத்திய இடம் சிவந்து சுட்டால் சின்சேயிடம் போக வேண்டாம், கிளினிக்.

லயத்துவீட்டுப்பெண் | புதன், இரவு 8:15

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கடைசியா ஒண்ணு: காப்சாயில (சின்ன மோட்டார்சைக்கிள்) பின்னாடி உட்கார வெச்சு கூட்டிட்டு வரலாமா? அன்னிக்கே குளிக்கலாமா?

பழைய_டிரசர் | புதன், இரவு 8:40

காப்சாய் வேண்டாம்மா. முடிந்து இறங்கும்போது கண் சொக்கும், பின்னால் உட்கார்ந்து பிடியை விட்டுவிட்டால் என்ன செய்வீர்கள்? கார் யாரிடமாவது கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்து ஒட்டுக்கடையில் அரை மணி உட்கார்ந்து, தெளிந்த பிறகு கிளம்புங்கள். தே தாரிக் தேநீரில் சீனி குறைவாகப் போடச் சொல்லுங்கள். குளியல் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து. ராத்திரி மாத்திரை எப்போதும்போல.